மணியின் தாடைக்குள் இருந்தவை

வெள்ளிக்கிழமை, இரவு

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

கள்ளக்குறிச்சியில் கால்நடை வைத்தியம் பார்க்கும் என் பெரியப்பா மகன், எங்கள் நாய்க்குட்டி மணியின் தாடை வீக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்தான். "கேன்சருடா. ஊசி போட்டு முடிச்சிடலாம். இழுத்துக்கினு கெடக்க வேணாம்" என்றான். எக்ஸ்ரே எடுக்கச் சொல்லவில்லை.

நிலம் பிரித்த நாளிலிருந்து அவன் பேச்சை நம்பாதவன் நான். மணியைச் சேலத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே மருத்துவரம்மா ஒரு கடைவாய்ப்பல் முளைக்காததைக் கவனித்து, படம் எடுத்துக் காட்டினார். கட்டிக்குள் நொய்யரிசி போலக் குட்டிக் குட்டிப் பற்கள். "பல்லு மொளைக்கிற வயசுல வர்ற கட்டிங்க. சுத்தமா எடுத்துட்டா பெரும்பாலும் திரும்ப வராது" என்றார். எடுத்தார். கேன்சர் இல்லை என்று சதைப் பரிசோதனை முடிவும் இன்று வந்துவிட்டது.

"இன்னாங்க, மணி உங்க தட்டுலயே வாய வெக்குது" என்று மனைவி சிரித்தாள். வைக்கட்டும் என்றேன். எனக்கும் இன்றுதான் சோறு இறங்கியது.

அவனிடம் இன்னும் எத்தனையோ குட்டிகள் வரும். படத்தின் நகலை அவனுக்குத் தபாலில் அனுப்பப் போகிறேன். என் பெயரைக் கண்டால் நிலத்தகராறு என்று கிழித்துப்போடுவான். பெயர் இல்லாவிட்டால் படத்தையாவது பார்ப்பான். படத்தில் என் பெயர் இருந்த ஓரத்தை வெட்டிவிட்டேன். கையெழுத்தும் போடப்போவதில்லை.