தினேஸ்வரியிடம் யாரும் கேட்கவில்லை

மார்ச் 3
ஈப்போவில் எங்கள் மாதர் சங்கத்தின் கலந்துரையாடல். பதினெட்டு வயதுக்குள் கல்யாணம் செய்ய மாநில முதல்வரான மந்திரி பெசார் அனுமதி தரும் விதி இருக்கலாமா, கூடாதா என்று. முதல் தடவையாக மைக் பிடித்தேன். ஒருவர் எழுந்து, "பிள்ளை தப்பு பண்ணிட்டா என்னலா செய்வீங்க?" என்றார். "கட்டிக் கொடுத்தா சரியாயிடுமா அண்ணே?" என்றேன். நல்ல கைதட்டல். என் மகள் தினேஸ்வரி மட்டும் தட்டவில்லை. தலைவலியாம்.

மார்ச் 8
தினேஸ்வரி மூன்று மாதம். எழுதிப் பார்த்தேன். எழுதியும் நம்ப முடியவில்லை. பதினேழு வயது. ஐந்தாம் படிவம், பள்ளியில் கடைசி வருடம்.

மார்ச் 10
பையன் பெயர் தீபன். இருபது வயது, சுங்கை சிப்புட்டில் மோட்டார் கடையில் வேலை. இன்று அம்மாவோடு வந்தான். தலை நிமிரவேயில்லை. அவன் அம்மா பாப்பா அக்கா அழுதுகொண்டே, "சட்டத்துல இடம் இருக்குலா. வயிறு தெரியறதுக்குள்ள முடிச்சிருவோம்" என்றார். என் கணவர் உடனே சரி என்றார். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மேடையில் அப்படிப் பேசியவள் என்ன சொல்வாளோ என்று —

"சித்திரையில வச்சுக்கலாமா?" என்றேன்.

நானா சொன்னேன்? நான்தான். யாரும் என் கழுத்தைப் பிடிக்கவில்லை.

மார்ச் 11
கோயிலில் எந்த முகத்தோடு நிற்பேன், சங்கத்தில் என்ன சொல்வார்கள் — நாள் முழுக்க இதே நினைப்பு. பிள்ளையைப் பத்தி ஒண்ணுகூட இல்ல. என்ன பொம்பள நான்?

மார்ச் 14
துணி மடிக்கும்போது தினேஸ்வரி சொன்னாள்: "எல்லாரும் தேதி பேசுறீங்க. எனக்கு வேணுமான்னு யாருமே கேக்கலயேமா."
"வேணுமா?"
"பிள்ளை வேணும். கல்யாணம் இப்ப வேணாம். எஸ்பிஎம் பரீட்சை எழுதணும்."
என் கணவரிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை.

மார்ச் 20
கல்யாண அனுமதிக்கு மனு கொடுக்கப் போனோம். பெண்ணுக்குச் சம்மதமா என்று அதிகாரி மலாய் மொழியில் கேட்டார். "சம்மதம்" என்றார் என் கணவர். தினேஸ்வரி என்னைப் பார்த்தாள். "இல்லை. அவளையே கேளுங்கள்" என்றேன். அதிகாரி அவளைக் கேட்டார். தலையாட்டி மறுத்தாள்.

காரில் என் கணவர் சொன்னது ஒன்றுதான்: "எல்லார் முன்னாடியும் என்னைய அசிங்கப்படுத்திட்ட கலா."

ஏப்ரல் 7
அவர் இன்னும் என்னோடு பேசவில்லை. காம்பாரில் நடக்கும் கூட்டத்தில் பேசச் சங்கத்தில் கூப்பிட்டார்கள். போகிறேன். இந்தத் தடவை கைதட்டும்படி பேச வராது.

செப்டம்பர் 19
பெண் குழந்தை. பார்க்க வந்த தீபன், நீட்டிய கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். தூக்கப் பயமாம்.

டிசம்பர் 5
தினேஸ்வரிக்கு வரலாற்றுத் தாள். பள்ளிக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். வீட்டில் குழந்தையோடு அவர் மட்டும். போன் அடித்தது. அவர்தான். மார்ச்சுக்குப் பிறகு என்னோடு பேசுவது இதுதான் முதல் தடவை.

"பாலுக்கு எத்தனை கரண்டி? அழுகைய நிறுத்த மாட்டேங்குது."
"மூணு. கையில ஒரு சொட்டு விட்டுச் சூடு பாருங்க."

வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"அவ நல்லா எழுதிருவால்ல?" என்றார்.