தேவன் கேட்காத பொருத்தனை

தரங்கம்பாடி
தை மாதம், சனிக்கிழமை

அன்பு மகள் எப்சிபாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அந்தக் குளிர் தேசத்தில் கர்த்தருடைய கிருபையால் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் நலம் என்றுதான் அடுத்த வரி வர வேண்டும், கை அப்படித்தான் பழகியிருக்கிறது, இன்றைக்கு அதை எழுத முடியவில்லை. தினமும் போனில் பேசுகிற மனுஷன் இதென்ன புதிதாகக் காகிதம் என்று நினைப்பாய். போன் உன் அம்மாவின் மடியில் இருக்கிறது, நான் பேசும்போதும் ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்குத் தெரியாமல் உன்னிடம் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வேறு வழியில்லை. கோயிலைப் பெருக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்து, துடைப்பத்தை ஓரமாகச் சாத்திவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஊர் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனம் இருக்காது. குத்தகை நிலத்தில் சம்பா முற்றி நின்ற நேரத்தில் நான்கு நாள் மழை கொட்டி எல்லாம் சாய்ந்துவிட்டது, கதிர் தண்ணீரில் கிடந்து முளைவிட்டு, மெஷின் இறங்க முடியாமல் ஆள் வைத்து அறுத்தோம். வேறு வருஷமாயிருந்தால் இதற்கே ஒரு கடிதம் முழுக்கப் புலம்பியிருப்பேன். இந்த வருஷம் அது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

உன் அம்மாவுக்கு மார்பில் கட்டி. புற்று. அங்கே பேத்திக்கு ஞானஸ்நானம் ஆன வாரமே கையில் தட்டுப்பட்டதாம், ஐப்பசி வரைக்கும் மூச்சு விடவில்லை. ரவிக்கையில் கறையைப் பார்த்து நான் கேட்ட பிறகுதான் சொன்னாள். உடனே கிளம்பு ஆஸ்பத்திரிக்கு என்றேன், வர மாட்டேன் என்றாள். ஏன் என்று கேட்டதற்கு அவள் சொன்னதை நீ உட்கார்ந்துகொண்டு படி. ஆறு வயதில் உனக்கு மூளைக்காய்ச்சல் வந்து ஒன்பது நாள் நினைவில்லாமல் கிடந்தாயே, அப்போது அவள் ஒரு பொருத்தனை பண்ணியிருக்கிறாள். இவளை விட்டுடும் ஆண்டவரே, இவ வளந்து ஒரு புள்ளையப் பெத்து எழுந்திரிக்கிற வரைக்கும் என்னை விட்டு வையும், அப்புறம் என் உசிரை எடுத்துக்கும் என்று. இருபத்தாறு வருஷமாக என்னிடம்கூடச் சொல்லவில்லை. நீ பிள்ளை பெற்றாய், அவளுக்குக் கட்டி வந்தது, அவளைப் பொறுத்தவரை அவ்வளவுதான் விஷயம். இப்ப வைத்தியம் பாத்துக்கிட்டா நான் வாக்கு மாறினவளாயிடுவேன், அப்புறம் அவரு எம் பொண்ணைக் கேட்பாருங்க என்கிறாள். எப்சிபாவுக்குச் சொல்ல மாட்டேன் என்று வேதத்தின் மேல் என் கையை வைத்துச் சத்தியமும் வாங்கிக்கொண்டாள். அந்தச் சத்தியத்தைத்தான் இப்போது மீறிக்கொண்டிருக்கிறேன், அந்தப் பாவம் என்னோடு போகட்டும்.

முப்பத்தொரு வருஷம் சபையில் உபதேசியாராக இருந்தவன் நான். உடன்படிக்கை என்றால் என்ன என்று முதல் திருவிருந்துக்கு முந்தின திடப்படுத்தல் வகுப்பில் உனக்கும் சேர்த்து எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பேன். ஆபிரகாம் கிடாரியையும் ஆட்டையும் இரண்டாகப் பிளந்து வைத்தான், அந்தக் காலத்தில் வாக்குக் கொடுக்கிற இரண்டு பேரும் அந்தத் துண்டுகளுக்கு நடுவே நடந்து போவார்கள், சொல் தவறினால் எனக்கும் இந்தக் கதி வரட்டும் என்று அர்த்தம், ஆனால் ஆபிரகாம் அயர்ந்து தூங்கிவிட்டான், தேவன் மட்டும் நெருப்பாக நடுவே கடந்து போனார், ஆகவே முழுப் பொறுப்பும் அவர் தலைமேல். கடைசியில் சிலுவையில் கிழிக்கப்பட்டவரும் அவர்தான், திருவிருந்தில் பாத்திரத்தைக் கையில் வாங்கும்போது புது உடன்படிக்கை என்று சொல்வது அதைத்தான், அதில் நம் உயிருக்கு விலை பேச இடமே இல்லை. இதையெல்லாம் மார்கழி வரைக்கும் உன் அம்மாவுக்குச் சொன்னேன், கெஞ்சினேன், ஒரு நாள் சோற்றுத் தட்டை வீசி எறிந்தேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டுவிட்டு, யெப்தா பொருத்தனை பண்ணிட்டுப் பெத்த மகளையே பலி குடுத்தானே, அவரு வேணாம்னு தடுத்தாரா, நீங்கதானே சொன்னீங்க என்றாள்.

ஆமாம், நான்தான் சொன்னேன். நீ காய்ச்சலில் விழுவதற்கு இரண்டு மாதம் முன்னால், அறுப்பின் பண்டிகைக்கு முந்தின ஞாயிறு. அந்த வருஷம் சபையார் நேர்ந்துகொண்ட நெல்லையும் ஆட்டையும் கொண்டுவராமல் இழுத்தடித்தார்கள், எனக்குக் கோபம். யெப்தாவை எடுத்து விளாசினேன். வாய்விட்டுச் சொன்ன சொல்லைத் தேவன் மறக்க மாட்டார், கொடுக்காதவன் வீட்டில் வேறொன்றை எடுத்துக்கொள்வார் என்று முழங்கினேன். மூட்டை மூட்டையாய் நெல் வந்து இறங்கியது, போதகர் என்னைத் தட்டிக் கொடுத்தார். யெப்தாவின் கதை தேவன் கேட்காததை ஒரு அவசரக்காரன் கொடுத்த கதை என்று எனக்கு அப்போதே தெரியும், தெரிந்தும் நெல்லுக்காக அதைப் புரட்டிச் சொன்னேன். பெண்கள் பக்கம் முன் வரிசையில் உன்னை மடியில் வைத்துக்கொண்டு உன் அம்மா உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் மறுநாளே மறந்துவிட்டார்கள், அவள் ஒருத்திதான் என்னை நம்பினாள்.

போன செவ்வாய்க்கிழமை கண் பரிசோதனை என்று பொய் சொல்லி, பக்கத்துத் தெரு அப்துல் ஜலீல் பாய் காரில் அவளைத் தஞ்சாவூருக்குக் கூட்டிப் போனேன். அங்கே போனதும் விஷயம் தெரிந்து முரண்டு பிடித்தவளை, பார்க்க மட்டும்தான், வைத்தியம் இல்லை என்று கும்பிட்டு உள்ளே அனுப்பினேன். டாக்டரம்மா ஸ்கேனும் எடுத்துப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார். மூணு மாசம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா ஐயா, இப்ப எலும்புக்கும் ஈரலுக்கும் போயிடுச்சு, வலி தெரியாம பாத்துக்கலாம், சித்திரை தாண்டுறது கஷ்டம் என்றார். வெளியே வந்தபோது உன் அம்மா என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள், என்ன, இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாங்களா என்று கேட்டாள். தலையை ஆட்டினேன். எப்சிபா, அவள் முகம் மலர்ந்துவிட்டது. அப்ப பொண்ணுக்கு இனி ஒண்ணும் வராதுங்க என்றாள். திரும்பும் வழியில் கும்பகோணத்தில் காரை நிறுத்தச் சொல்லிக் காப்பி குடித்தாள், வீட்டுக்கு வந்து நெத்திலிக் குழம்பு வைத்து இரண்டாம் தடவையும் சோறு போட்டுக்கொண்டாள். நான் கொல்லைப்புறம் போய் வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுதேன். அன்றையிலிருந்து எனக்கு ஜெபம் வரவில்லை, முழங்கால் போட்டால் என் பிரசங்கம்தான் காதில் கேட்கிறது.

உன்னால் வந்தது என்று ஒரு நிமிஷம்கூட நினைக்காதே, நீ ஆறு வயதுக் குழந்தை, என்னால் வந்தது. லீவு தராவிட்டாலும் உடனே கிளம்பு, குழந்தையைக் காட்ட வந்தேன் என்று சொல்லிக்கொள். உன்னைத் தொட்டுப் பார்த்து அவள் சந்தோஷப்படட்டும். நீ நர்ஸ், என்னிடம் படித்தவள் வேறு, வந்ததும் ஆண்டவர் உன் உசிரைக் கேட்கவே இல்லையம்மா என்று சொல்லத் துடிப்பாய். அதை மட்டும் சொல்லாதே. ஐப்பசியிலேயே அவள் அதை நம்பியிருந்தால் பிழைத்திருப்பாள், இனிமேல் நம்பினால் ஒன்றுக்குமில்லாமல் சாகிறோம் என்று தெரிந்துவிடும். என் ஆயுசில் எனக்குத் தெரிந்த ஒரே நற்செய்தி அதுதான், அதை அவளிடம் சொல்லாமலிருக்க உன்னைக் கெஞ்சுகிறேன்.

கர்த்தர் உங்கள் மூன்று பேரையும் எந்தத் தீங்கும் அணுகாமல் காப்பாராக. இது கிடைத்த அன்று அம்மாவுக்குப் போன் பண்ணாதே, உன் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவாள், மறுநாள் பண்ணு. என்றைக்காவது அவளே வாய் திறந்து பொருத்தனையைப் பற்றி உன்னிடம் சொன்னால், நன்றிம்மா என்று மட்டும் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஞா. இராஜாங்கம்