சந்தனப் பொட்டு வைத்த லேன் கார்டு

மேஜையில் ஒரு ரப்பர் கிடக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் பென்சில் எழுத்தை அழிக்கிற சாதாரண வெள்ளை ரப்பர். ஒரு முனை மட்டும் செம்மஞ்சளாகக் கறைபட்டிருக்கிறது. முகர்ந்தால் சந்தன வாசனை. குப்பைக்கூடை வரைக்கும் எடுத்துப் போய்விட்டு, போட முடியாமல் திரும்பவும் மேஜையிலேயே வைத்துவிட்டேன்.

வெளியே பௌர்ணமிக் கூட்டம். அடி அண்ணாமலையில் வீடு கட்டியவனுக்கு மாதம் ஒருமுறை வாசல் சொந்தமில்லை. கதவுக்கு அந்தப்பக்கம் வெறுங்கால்கள் தேய்ந்து நகர்கிற சத்தம் காலையிலிருந்து ஓயவில்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். நீ வைகாசியில் போய்விட்டாயாம். இப்போது ஐப்பசி. எனக்கு இன்று பகலில்தான் தெரியும்.

யாரும் சொல்லவில்லை. இந்த ஊரில் ஒருவன் பல் பிடுங்கிக்கொண்டால்கூட மறுநாள் எதிரே வருகிறவன் விசாரிப்பான். நீ செத்ததை ஒருவனும் என்னிடம் சொல்லவில்லை. ரெண்டு பேருக்கும் ஆகாது, அவன்கிட்டப் போய் எதுக்கு என்று விட்டிருப்பார்கள். செங்கம் சாலை முழுக்கக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டினார்களாம். நீ தனியாகப் போட்ட கடையைப் பார்க்க வேண்டாம் என்றுதானே அந்தச் சாலையையே விட்டு, மலைக்கு வடபக்கமாகச் சுற்றி டவுனுக்குப் போய்வந்துகொண்டிருக்கிறேன், இத்தனை வருடமாக.

காலையில் உன் மகள் வந்தாள். உன் மகள் என்று அப்போது தெரியாது. நான் கடைசியாகப் பார்த்தபோது அவள் நாம் கூட்டாக நடத்திய கம்ப்யூட்டர் கடையின் கவுண்டருக்கு அடியில் மவுஸ் வயரை இழுத்து விளையாடிக்கொண்டிருந்தவள். இப்போது இருபது வயதுக்கு மேல் இருக்கும். கிரிவலப் பாதையில் வண்டி விடமாட்டார்கள் என்பதால் வயல் பக்கத்துத் தடத்தில் ஸ்கூட்டியை ஓட்டி வந்திருந்தாள். கால் வைக்கிற இடத்தில் போர்வை சுற்றிய கம்ப்யூட்டர் கேபினெட். எதிரே பூக்கடை போட்டிருக்கிற அம்மா என் வீட்டைக் கைகாட்டி அனுப்பியிருக்கிறார், பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் சொல்லித்தருகிறவர் என்று.

“நெட்டு வரல சார். லேன் கார்டே இல்லன்னு காட்டுது. மத்தியானம் இன்டர்வியூ இருக்குது.”

போனை வைத்து இணைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்டேன். எனக்கு இப்போதெல்லாம் யாரிடமும் முதல் பேச்சு எரிச்சலாகத்தான் வருகிறது.

“இன்னிக்கு பௌர்ணமி சார்.”

அதற்குமேல் அவள் விளக்க வேண்டியதில்லை. இத்தனை லட்சம் பேர் மலையைச் சுற்றும்போது டவர் திணறிவிடும். கையில் இருக்கிற போன் மணி பார்க்கத்தான் உதவும். ஒயர் வழியாக வருகிற நெட் மட்டும்தான் அன்றைக்கு ஓடும். அந்த ஒயரைத்தான் அவள் மிஷின் வாங்கிக்கொள்ள மறுத்தது. வேறு மிஷினில் உட்காரலாம் என்றால், இன்டர்வியூவில் அவள் ஓட்டிக் காட்ட வேண்டிய வேலை முழுக்க இதற்குள்தான் இருக்கிறது. பெயர்த்து எடுத்து இன்னொன்றில் நிறுத்த ஒரு நாள் பிடிக்கும். முதல் இரண்டு சுற்றில் தேறி, கடைசிச் சுற்று இது. தவறினால் இன்னொரு தடவை கூப்பிட மாட்டார்கள்.

“இத யாரு அசெம்பிள் பண்ணது?”

“அப்பா.”

“அவரே பாக்கலாமே?”

“அப்பா இல்ல சார்.”

ஊரில் இல்லை என்று எடுத்துக்கொண்டேன். நாம் எல்லாரும் அப்படித்தானே சொல்கிறோம். கடைக்குப் போனவனுக்கும் ‘இல்ல’தான், கரையேறிப் போனவனுக்கும் ‘இல்ல’தான்.

என் மானிட்டரில் மாட்டி ஓடவிட்டேன். லினக்ஸ். நெட்வொர்க் அமைப்பைத் திறந்தால் ஒயர் இணைப்புக்கான இடமே காணோம். டெர்மினலில் கட்டளை தட்டிக் கேட்டேன். தன்னோடு தானே பேசிக்கொள்கிற உள்முகவரி ஒன்று மட்டும் இருந்தது. கார்டை இயக்குகிற டிரைவர் மென்பொருளில் கோளாறா என்று பார்க்க, மிஷினில் செருகியிருக்கிற எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்கிற கட்டளையைத் தட்டினேன். டிஸ்ப்ளே இருக்கிறது, சவுண்டு இருக்கிறது, நெட் ஒயரை வாங்கிக்கொள்கிற லேன் கார்டு மட்டும் இல்லை. டிரைவர் இல்லாமல் முழிக்கிற கார்டாக இருந்தால் பெயராவது வந்திருக்கும். இதில் பெயரே வரவில்லை. மதர்போர்டிலேயே இருக்கிற நெட்வொர்க் போன வருட மழையில் இடி விழுந்தபோது கருகிவிட்டதாம். அப்பா தனியாக ஒரு கார்டு வாங்கிப் போட்டாராம்.

அப்போதே உன் குரல் உள்ளே கேட்டது. நம் கடையில், அந்த வெள்ளைக்காரச் சாமியாரின் பழைய மிஷினை நான் கைகழுவியபோது நீ சொன்னது. “இல்லன்றது பதில் இல்லடா. எதுவரிக்கும் இருக்குதுன்னு பாரு.” கேபிள் வரைக்கும் இருக்கிறதா, ஸ்லாட் வரைக்கும் இருக்கிறதா, கார்டு வரைக்கும் இருக்கிறதா, டிரைவர் வரைக்கும் இருக்கிறதா. எங்கே நின்றுபோகிறதோ அங்கேதான் கை வைக்க வேண்டும். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் நாம், ஒரே பாடம். ஆனால் நான் பாடத்தில் ஒரு வாக்கியத்தைக்கூட இதுவரை வகுப்பில் மேற்கோள் காட்டியதில்லை. உன்னுடையதை வருடா வருடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், உன் பெயரைச் சொல்லாமல்.

சரி, கார்டு செருகுகிற ஸ்லாட்டைப் பார்க்கலாம் என்று பக்கத்து மூடியைக் கழற்றினேன்.

உள்ளே ஒயர்கள் எல்லாம் வாழைநாரால் கட்டியிருந்தன.

பிளாஸ்டிக் டை ஒன்றுகூட இல்லை. காய்ந்து பழுப்பேறிய வாழைநார், பூக்கட்டுகிற முடிச்சு. அப்படிக் கட்டுகிறவன் இந்த ஜில்லாவிலேயே ஒருத்தன்தான். வீட்டு மல்லித் தோட்டத்தில் நார் கிழித்தே வளர்ந்தவன். டை இறுக்கினால் ஒயர் தோல் வெட்டும், நார் வெட்டாது என்று எனக்கும் பிடித்துவைத்துச் சொல்லிக்கொடுத்தவன். பிறகு ஒருநாள் செங்கம் சாலையின் பெரிய விடுதியில் கேபிள் வேலையைத் தனியாக ஒப்புக்கொண்டு போய்விட்டவன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டீக்கடைக்காரன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். “இன்னா சார், பார்ட்னர் அங்க கேபிள் இழுத்துக்கினு கீறாரு, நீங்க இங்க கீறீங்க?” அவன் சிரித்த சிரிப்பு இன்னும் எனக்கு மறக்கவில்லை.

நிமிர்ந்து அந்தப் பெண்ணைப் பார்த்தேன். உன் மூக்கு. எப்படி முன்பே தெரியாமல் போனது?

மூடியைப் போட்டுக் கையில் கொடுத்து, உங்கப்பன் ஊருக்கு வந்ததும் அவன்கிட்டயே பாத்துக்கோ என்று அனுப்பிவிடுகிற அளவுக்கு வாய் வந்துவிட்டது. ஆனால் கார்டை மட்டும் பார்த்துவிடலாம் என்று கை முந்திக்கொண்டது. வழியை மறித்த ஒரு நார்க்கட்டை வெட்டிவிட்டுக் கார்டைப் பிடுங்கினேன்.

ஸ்லாட்டுக்குள் இறங்குகிற தங்க விளிம்பில், பல்வரிசை போல இருக்கிற அந்தத் தொடுமுனைகள் மேல், வரிசையாகச் சந்தனம். ஒவ்வொரு பொட்டின் நடுவிலும் குங்குமம். காய்ந்து இறுகியிருந்தது. கார்டு எப்படி மிஷினோடு பேசும்?

எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. நெற்றி நிறையப் பட்டை அடித்துக்கொண்டு கடைக்கு வருகிறவன் நீ. ஆயுதபூஜைக்கு மட்டும் மிஷின் பக்கம் யாரையும் விடமாட்டாய். கஸ்டமர் பார்த்தால் சந்தோஷப்படுவார்கள், ஒரு பொட்டு வை என்று சாமி கும்பிடாத நான்தான் கெஞ்சுவேன். “நெத்திக்கு வெக்கறது நெத்திக்கு. கரண்டு ஓடற எடத்துல இன்னாத்துக்குடா பொட்டு? ஸ்குரூ டிரைவருக்கு வை, போதும்.” அப்படிப்பட்டவன் வீட்டு மிஷினில் இப்படி. நறுக்கென்று ஒன்று சொல்ல வேண்டும் போல இருந்தது.

“பூஜை போட்டா நெட்டு வருமான்னு உங்கப்பாவ ஒரு வார்த்த கேட்டியாம்மா?”

அவள் முகம் மாறவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

“இந்த வருஷம் எங்க வீட்ல பண்டிக இல்ல சார்.”

கார்டு என் கையிலேயே இருந்தது.

இந்த மண்ணில் பிறந்தவனுக்கு அந்த ஒரு வாக்கியம் போதும். பண்டிகை இல்லாத வருடம் என்றால் என்ன வருடம் என்று கேட்க வேண்டியதில்லை. சற்றுமுன் அவள் சொன்ன ‘அப்பா இல்ல’ அப்போதுதான் என் காதில் முழுசாக வந்து விழுந்தது. வெளியே தேய்ந்துகொண்டிருந்த கால்களின் சத்தம் சட்டென்று நின்றுபோன மாதிரி இருந்தது. நின்றிருக்காது. எனக்குத்தான் கேட்கவில்லை.

அவள்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். ஆயுதபூஜை சமயத்தில் வீட்டைக் கழுவும்போது தூசி தட்டுவதற்காகக் கார்டைக் கழற்றி வைத்தாளாம். தீட்டு வருடம், எதற்கும் படைக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். உன் மனைவிக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. நீ கடைசியாக உன் கையால் வாங்கிப் போட்டது இது. “தங்கம் மாதிரி இருக்குதேன்னு அங்கியே வெச்சிட்டாங்க சார். அப்புறம் நான்தான் அப்டியே செருகிட்டேன். அம்மா வெச்ச பொட்ட அழிக்க எனக்கு கை வரல.” அதன்பிறகு போன் நெட்டில் ஓட்டிக்கொண்டிருந்ததால் கோளாறு தெரியவில்லையாம். பௌர்ணமி வந்துதான் காட்டிக்கொடுத்தது.

தூக்கத்திலேயே போனதாம். விடிந்து எழுப்பப் போனபோதுதான் தெரிந்ததாம். எனக்கு ஆறுதல் சொல்லத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியதெல்லாம் ஒன்றுதான். இரண்டாவது தடவையும் என்னிடம் சொல்லாமல் போய்விட்டான்.

கார்டின் தொடுமுனையைச் சுத்தம் செய்ய ரப்பரை விட நல்லது கிடையாது. நாம் எத்தனையைத் தேய்த்திருப்போம், பேசிக்கொண்டே, டீ குடித்துக்கொண்டே. இன்றைக்கு ரப்பரைக் கையில் எடுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். தன் நெற்றியில் இனி வைத்துக்கொள்ள முடியாததை ஒருத்தி கொண்டுவந்து இதன்மேல் வைத்திருக்கிறாள். அதை நான் அழிக்க வேண்டும். போயும் போயும் நான்.

அந்தப் பெண் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அழித்தேன். ஒரே திசையில், மெதுவாக, நீ தேய்க்கிற மாதிரி. முதலில் குங்குமம் போனது, பிறகு சந்தனம். அடியில் தங்க நிறம் வந்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தாள். ஸ்லாட்டை பிரஷ்ஷால் தட்டி, கார்டை நேராக அழுத்திச் செருகி, ஓடவிட்டேன். மறுபடியும் அந்தக் கட்டளை. கடைசி வரியில் கார்டின் பெயர் வந்து நின்றது. என் வீட்டு ஒயரைச் செருகியதும் பின்பக்கம் பச்சை விளக்கு ஏற, பக்கத்தில் மஞ்சள் துடித்தது.

இனி மிஷினைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போக நேரமில்லை. இங்கேயே உட்காரு என்று மேஜையைக் கொடுத்துவிட்டு சமையலறைக்குப் போய் நின்றேன். கதவு வழியாக அவள் குரல் கேட்டது. முதலில் தடுமாறினாள். ஓட்டிக் காட்டத் தொடங்கியதும் குரல் நிலைப்பட்டது. உனக்கும் மிஷினைத் தொட்ட பிறகுதான் இங்கிலீஷ் வரும். யாரிடம் கற்றுக்கொண்டாய் என்று கேட்டார்கள் போலிருக்கிறது. அப்பாவிடம் என்றாள். இறந்துபோனவர் என்று அவர்களிடம் சொல்லவில்லை.

முடிந்து வெளியே வந்தபோது முகம் வெளிச்சமாக இருந்தது. நல்லாப் போச்சு சார், அடுத்த வாரம் சொல்றாங்களாம் என்றாள். மிஷினைக் கட்டிக் கொடுக்க வேண்டும். நான் வெட்டிய இடத்தில் ஒயர்கள் தொங்கிக்கொண்டிருந்தன. பழைய நார் தொட்டால் பொடிந்தது. எதிர்ப் பூக்கடையிலிருந்து ஒரு நார் வாங்கிவந்து, குழாயில் நனைத்துக் கட்டினேன். யோசித்துச் செய்யவில்லை.

“நீங்க எங்கப்பாவுக்குத் தெரிஞ்சவரா சார்?”

“இல்ல,” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்காதே. உன்னை நான் மன்னிக்கவில்லை. செத்துப்போனால் கணக்கு நேராகிவிடும் என்று நினைக்கிறவன் நானில்லை. நீ எதற்காகச் சொல்லாமல் போனாய் என்று எனக்கு இன்னும் தெரியாது. இனி யாரைக் கேட்பது? இத்தனை வருடமும் எதிரே ஒருவன் இருக்கிறான் என்ற தைரியத்தில் கோபமாக இருந்தேன். அந்த ஆள் வைகாசியிலேயே எழுந்து போய்விட்டான். ஐந்து மாதமாக ஆளில்லாத நாற்காலியோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன்.

அவள் குனிந்து அந்தப் புது நாரைத் தொட்டுப் பார்த்தாள்.

“இந்த முடிச்சு எனக்கே வரல சார். எவ்ளோ வாட்டி காட்டினாரு. ஒருத்தனுக்குத்தான் இது வந்துதுன்னு சொல்வாரு.”

“வேற இன்னா சொன்னாரு, அந்த ஒருத்தனப் பத்தி?”

“வேற ஒண்ணும் சொல்ல மாட்டாரு.”

இன்னும் ஏதாவது கேட்பேன் என்று சற்று நின்றாள். நான் போர்வையை எடுத்து நீட்டினேன். மிஷினைச் சுற்றிக் கட்டி, வண்டியில் வைத்து, வயல் தடத்தில் போய்விட்டாள். அவள் என்னைச் சார் என்று கூப்பிடாமல் போனது அந்த வண்டிச் சத்தம் அடங்கிய பிறகுதான் உறைத்தது. “வர்றேன் மாமா” என்றாள்.

இப்போது பொழுது சாய்ந்துவிட்டது. கூட்டம் இன்னும் பெருகியிருக்கிறது. மிச்சமாகிப்போன நார் மேஜையில் காய்கிறது. கொஞ்சம் முன்னால் அதை எடுத்து விரலில் சுற்றிப் பார்த்தேன். முடிச்சு தானாக விழுகிறது. பாடங்களை மறந்துவிட்டேன், உன் குரல்கூடப் பாதி தேய்ந்துவிட்டது, இது போகவில்லை.

இல்லை என்பது பதில் இல்லை என்று சொன்னாயே. எதுவரைக்கும் இருக்கிறது என்று பார்க்கச் சொன்னாயே. பார்த்துவிட்டேன். விரல் வரைக்கும் இருக்கிறது.