தம்பி கைப் புண்ணும் என் சந்தேகமும்

காலமெல்லாம் எங்களுக்காக வெயிலில் நின்ற என் செல்ல அப்பாவுக்கு,

நீங்கள் போன பிறகு உப்பளத்தில் உங்கள் இடத்தில் தம்பி ஏழுமலைதான் நிற்கிறான் என்று போன திதியன்று உங்களிடம் பெருமையாகச் சொன்னேன். அந்தப் பெருமையில் பாதி பொய், அப்பா. அப்போது எனக்கே தெரியாது.

அவன் கன்னம் ஒட்டியது. உதடு வெடித்தது. கையெல்லாம் புண். உங்களுக்கும் அப்படித்தானே இருந்தது? உப்புத் தண்ணீரில் இறங்குகிறவன் உடம்பு வேறு எப்படி இருக்கும்? "அப்படியே அப்பா கைடா உனக்கு" என்று அம்மா கண்கலங்கித் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள். வேறு வேலை பார்க்கிற வீடாக இருந்தால் அன்றைக்கே சந்தேகப்பட்டிருப்பார்கள்.

ஆனால் அவனை அப்படி ஆக்கியது லோடு ஏற்ற வந்த ஒருத்தன் கொடுத்த போதைப்பொடி. மெத் என்கிறார்கள். தூக்கம் வராது, பசிக்காது, ரெண்டு ஆள் வேலையை ஒரே ஆளாகச் செய்யலாம் என்றானாம். இவனும் செய்தான், மேஸ்திரிகூடப் பாராட்டினார். பிறகு உப்புக் குவியலுக்குப் பின்னால் யாரோ ஒளிந்திருக்கிறார்கள் என்றான். தோலுக்குள் பூச்சி ஊர்கிறது என்று சொறிந்தான். ஒரு மத்தியானம் உப்புப் பாத்தியிலேயே விழுந்துவிட்டான்.

வெயில் மயக்கம் என்றுதான் ஆஸ்பத்திரியில் சொன்னோம். டாக்டரம்மா அவன் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தார். "தம்பி, நல்லா தூங்கி எத்தன நாளாவுது?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இது உப்பால வந்த புண்ணு இல்லம்மா, இவரே சொறிஞ்சு வந்தது. இதயம் தாறுமாறா துடிக்குது. இன்னொரு தடவ போட்டா தாங்குமான்னு என்னால சொல்ல முடியாது."

சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டான். இப்போது பிரச்சினையே நான்தான். பகலெல்லாம் தூங்குகிறான், எழுந்தால் குண்டான் சோற்றைக் காலி பண்ணுகிறான், யாரோடும் பேசுவதில்லை. திரும்பவும் ஆரம்பித்துவிட்டான் என்று டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். "அத விட்டா உடம்பு அப்படித்தாம்மா கேக்கும். மனசும் ரொம்ப சோர்ந்து போவும், தனியா விடாதீங்க. தூங்கலன்னாதான் பயப்படணும்" என்றார். ஒரே மாத்திரையில் தீர்த்துவிடுகிற மருந்து இதற்குக் கிடையாதாம். வாராவாரம் கவுன்சிலிங், பழைய ஆட்களை விட்டு விலகுவது, வீட்டுத் துணை. ஒரு தடவை தவறினாலும் கைவிடாமல் அழைத்து வரச் சொன்னார்.

கேட்டுக்கொண்டேன், நம்பவில்லை. அவன் தூங்கும்போது பொட்டலம் ஏதும் இருக்கிறதா என்று சட்டைக் காலரைத் தடவிப் பார்ப்பேன். டீக்கடைக்குப் போனால் கடைக்காரருக்குப் போன் போட்டு ஆள் வந்தாச்சா என்று விசாரிப்பேன். குளித்துவிட்டு வந்தால் கையில் புதுப்புண் தேடுவேன். அவனைப் பிடித்திருந்த சந்தேகம் என்னைப் பிடித்துக்கொண்டதோ?

நேற்றுக் காலை துணி துவைத்துக்கொண்டிருந்தேன். மணி அடித்துக்கொண்டிருந்த போனோடு வந்து நின்றான். பேசக் கூப்பிட்டது அந்த லோடுக்காரன். தம்பி அதை எடுக்காமல் என்னிடம் நீட்டினான்.

"இன்னா நாடகம்டா இது?" என்றேன். வாயில் வந்துவிட்டது, அப்பா.

"நாடகம்னே வச்சுக்கோக்கா. நீ எடுத்துப் பேசு. நான் எடுத்தா போயிடுவேன்."

சோப்புக் கையோடு வாங்கினேன். "அவன் வரமாட்டான். இனிமே இந்த நம்பருக்குப் பண்ணாத" என்று சொல்லி வைத்தேன். துவைக்கிற கல்லிலேயே உட்கார்ந்து தம்பி அழுதான். நானும்தான். அப்போதும் மனசு ஒரு மூலையில் 'நம்பலாமா?' என்று கேட்டுக்கொண்டிருந்தது. உங்களிடம் எதற்கு மறைக்க வேண்டும்?

சந்தேகப்படுவதை விட்டுவிடுகிறேன் என்று சத்தியம் பண்ண மாட்டேன், அது பொய்யாகிவிடும். ஆனால் முதுகுக்குப் பின்னால் இனி வேவு பார்க்க மாட்டேன். கேட்க வேண்டியதை அவன் முகத்தைப் பார்த்தே கேட்பேன். தவறினான் என்றால் நானே கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவேன். உங்களுக்கு அங்கே தனியாகத்தான் இருக்கும், தெரியும். ஆனாலும் இவனை இப்போதைக்கு உங்களிடம் அனுப்ப மாட்டேன், அப்பா. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் பெரிய பொண்ணு, ஏழுமலைக்கு அக்கா,
சரளா
மரக்காணம்