துடைத்து விற்ற கம்ப்யூட்டர்

ஆவணி, செவ்வாய் இரவு

பயமாக இருக்கிறது. ஸ்டெல்லா போன வருஷம் பாடி, நான் இன்னும் முடித்துக் கொடுக்காத மாதா பாட்டை இன்று புது ரெக்கார்டிங் சாஃப்ட்வேரில் திறந்தேன். டிராக் பெயர்கள் இருந்தன, குரல் இல்லை. குரல் தனி ஃபோல்டரில் இருந்திருக்கிறது. நானோ பாட்டு ஃபைலை மட்டும் எடுத்துக்கொண்டு பழைய கம்ப்யூட்டரை மதகடிப்பட்டுச் சந்தையில் விற்றுவிட்டேன். என் ட்யூனை எவனும் திருடக்கூடாதென்று சுத்தமாகத் துடைத்து வேறு கொடுத்தேன். அவ்வளவு கெட்டிக்காரன்.

சாயங்காலம் அவளே என் ரெக்கார்டிங் கடைக்கு வந்தாள். தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு அவளுக்குக் காற்றுதான் பேச்சாக வருகிறது.

"இன்னாண்ணே, கம்ப்யூட்டரோட எம் பாட்டையும் சேத்து வித்துட்டியா?" என்று கிண்டலடித்தாள். "மாதா கோயில் கொடியேத்தத்தன்னிக்கு அதக் கேக்கவே எம் பொண்ணு ஊர்லேர்ந்து வருது."

"பத்திரமா இருக்கும்மா" என்றேன்.

அவள் சிரித்தாள். அதிலும் சத்தமில்லை.

வெள்ளிக்கிழமை கொடியேற்றம். ஸ்பீக்கர் முன்னால் அந்தப் பெண் வந்து நிற்கும்போது நான் எதைப் போடுவேன்?