அண்ணன் அலங்கரித்த மரம்

டிசம்பர் 1

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்க மனம் வரவில்லை. நீங்கள் நலமாக இல்லை என்று எனக்குத் தெரியும், நான் நலமாக இல்லை என்று உங்களுக்குத் தெரியும். போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் ஜூனில் அண்ணன் போன பிறகு நாம் போனில் பேசியதெல்லாம் பாதி அழுகை, மீதி ‘சரி, வைக்கிறேன்’. எழுதினால் முழு வாக்கியமாவது வரும் என்று பள்ளிக்கூட ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே மைதானத்தில் ஏழாம் வகுப்பு, நீங்கள் எனக்குப் பெயராகவே வைத்துவிட்ட அந்த விசிலுக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறது. நிற்கட்டும்.

கிறிஸ்துமஸுக்கு நாங்கள் நாலு பேரும் எப்போதும்போல வருகிறோம். இருபத்திரண்டு வருடம் உங்கள் மூன்றாவது மாடிக்கு ஏறிய கால், இந்த வருடம் வீட்டில் சும்மா இருக்காது. ஒரே கவலை மரம்தான். அண்ணன் இல்லாமல் அதை யார் அலங்கரிப்பது?

எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம் அண்ணி. டிரைவிங் ஸ்கூலில் நாள் முழுக்க அடுத்தவன் ஓட்டும் வண்டியில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனுஷன். வீட்டில் ஒரு ஆணி அடிக்கச் சொன்னால் சுவரையே பெயர்த்துவிடுவான். அவன் கைக்கு அந்த நேர்த்தி எங்கிருந்து வந்தது? கீழே பெரிய வெள்ளி உருண்டை, மேலே போகப்போகச் சின்னது. இரண்டு சிவப்பு ரிப்பன் பக்கத்தில் பக்கத்தில் வராது. பஞ்சு கிளை நுனியில் மட்டும்தான். நான் எங்கள் எல்லாரையும் உயரப்படி படியில் நிறுத்தி வைப்பேன். உள்ளே அண்ணன் “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று எண்ணி, சுவிட்சைப் போட்டுக் கதவைத் திறப்பான். சின்னவளுக்கு மூன்று வயதிருக்கும்போது என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு, “அம்மா, மாமா வேற வீட்டுக்குப் போயிட்டாங்களா?” என்று கேட்டாள். அவ்வளவு மாறியிருந்தது வீடு.

அதனால் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். நான் மட்டும் 22-ஆம் தேதியே லீவு போட்டு வந்துவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் எடுத்த போட்டோ இருக்கிறது. அதைப் பார்த்து அண்ணன் செய்த மாதிரியே செய்துவிடுவேன். நீங்கள் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி வைத்தால் போதும். வேறு எதையும் தொட வேண்டாம். உங்களுக்கு இதெல்லாம் பழக்கமும் இல்லை.

உங்கள்
விசில்

டிசம்பர் 6

அன்பான விசிலுக்கு,

கடிதம் வந்தது. ஏழாம் வகுப்பை இன்னும் வெயிலில்தான் நிறுத்தி வைத்திருக்கிறாயா?

இந்த வருடம் மரம் வேண்டாம் என்று நினைக்கிறேன். 25-ஆம் தேதி நானே உன் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். காலையில் வந்து, எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டு, சாயங்காலம் திரும்பிவிடலாம். எனக்கும் ஒரு மாற்றமாக இருக்கும்.

வருடக் கடைசி என்பதால் கண்ணாடிக் கடையில் கூட்டம். கடைக்குள் இருக்கும்வரை பரவாயில்லை. லென்ஸைத் தேய்த்து, ஃபிரேமில் உட்கார வைத்து, மையம் பார்த்துக்கொண்டிருந்தால் பொழுது போய்விடுகிறது. வீட்டுக்கு வந்தால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. சோபாவை ஜன்னல் பக்கம் நகர்த்தினேன், மறுநாள் பழைய இடத்துக்கே நகர்த்தினேன். கீழ் வீட்டு அம்மா வந்து, “வீடு காலி பண்றீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார். நீ சொன்ன பெட்டியை இறக்கினேன். திறக்காமல் திரும்ப ஏற்றிவிட்டேன்.

பிள்ளைகளுக்கு என் முத்தம்.

அண்ணி

டிசம்பர் 10

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். ஒவ்வொரு தடவையும் கோபம்தான் வந்தது, மன்னித்துக்கொள்ளுங்கள். உங்களிடம் பூசி மெழுகிப் பேச எனக்கு வராது.

அண்ணன் சட்டைகளை எல்லாம் கொடுத்துவிட்டீர்கள். நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாசலில் கிடந்த அவன் செருப்பைக் காணோம், அதையும் கேட்கவில்லை. வீட்டில் இருந்து அன்றாடம் அதையெல்லாம் பார்ப்பவர் நீங்கள், உங்கள் வேதனை உங்களுக்கு. ஆனால் மரத்தையும் எடுத்துவிடாதீர்கள். அது ஒன்றுதான் அண்ணன் எனக்காக என்று தன் கையால் செய்தது. அப்பா இறந்த வருடம்தான் அதைச் செய்யத் தொடங்கினான். அன்றைக்குக் கதவைத் திறந்ததும், இனி நமக்கென்று ஒரு வீடு இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அதை உங்களிடம் இதுவரை சொன்னதில்லை.

பெரியவன் நேற்று, “அம்மா, இனிமே அத்தை வீட்டுக்குப் போக மாட்டோமா?” என்று கேட்டான். அண்ணன் இருந்தவரை நான் உங்கள் நாத்தனார். இப்போது நான் உங்களுக்கு யார் அண்ணி? நேராகவே கேட்கிறேன்.

நான் 22-ஆம் தேதிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன்.

விசில்

டிசம்பர் 14, ஞாயிறு

என் விசிலுக்கு,

இதை உனக்கு அனுப்பப் போவதில்லை. காலையிலிருந்து இந்த வீட்டில் கூண்டுக்குள் விட்ட மாதிரி சுற்றிக்கொண்டிருக்கிறேன். யாரிடமாவது சொன்னால்தான் அடங்கும். சொல்ல இருந்த ஆளும் இல்லை, அதனால் காகிதத்திடம் சொல்கிறேன்.

அந்த மரத்தை உன் அண்ணன் ஒரு வருடம்கூட அலங்கரித்ததில்லை. நான்தான் செய்தேன். இருபத்திரண்டு வருடமும் நான்தான்.

முதல் வருடம் அவர் வேலையிலிருந்து வந்ததே நீ வருவதற்குக் கால் மணி நேரத்துக்கு முன்தான். முகம் கழுவிக்கொண்டிருந்தவரை, கதவைத் திறக்கச் சொன்னேன். நீ உள்ளே வந்து பார்த்தாய். “அண்ணா, நீயா செஞ்சே?” என்று அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாய். அவர் உன் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். “ஆமா” என்றார். நான் செய்தது என்று சொல்லியிருந்தால், ‘அழகா இருக்கு அண்ணி’ என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு நகர்ந்திருப்பாய். உங்கள் அப்பா போய் இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. உனக்கு அன்று அண்ணன் தேவைப்பட்டார், அலங்காரம் அல்ல.

அதற்குப் பிறகு அது எங்களுக்குள் ஒரு விளையாட்டாகிவிட்டது. வருடா வருடம் 24-ஆம் தேதி மத்தியானம் வந்து நிற்பார். “இந்த வருஷம் நான் என்னெல்லாம் பண்ணியிருக்கேன்? சொல்லிக்கொடு” என்பார். லைசென்ஸ் டெஸ்டுக்குப் போகிறவனுக்குச் சொல்கிற மாதிரி சொல்லிக்கொடுப்பேன். ரிப்பன் பதினாறு, பஞ்சு நுனியில் மட்டும், உருண்டை கீழிருந்து மேலே. அப்படியும் ஒரு வருடம் நீ, “நட்சத்திரம் ஏன்ணா சாய்ஞ்சிருக்கு?” என்று கேட்டபோது, “திருப்பத்துல அப்படித்தான் சாயும்” என்றார். நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துவிட்டது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை விசில். எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்தது என்று இந்த வீட்டில் இருந்தது அது ஒன்றுதான்.

இப்போது என் அவஸ்தையைப் பார். நான் மரம் செய்தால் அது பழைய மாதிரியேதான் வரும். நீ ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவாய். நீ வந்து செய்தால் போட்டோவைப் பார்த்துத் திணறுவாய், நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும், அதுவும் என்னால் ஆகாது. சரி, வேண்டுமென்றே மோசமாகச் செய்து வைப்போம் என்று இன்று மத்தியானம் பெட்டியைத் திறந்தேன். இரண்டு ரிப்பனைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டினேன். தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் கை தானாகப் போய் ஒன்றை அவிழ்த்து மாற்றிக் கட்டுகிறது. பெரிய உருண்டையை உச்சியில் தொங்கவிட்டேன். ஐந்து நிமிடம்கூட என்னால் பார்க்க முடியவில்லை. லென்ஸின் மையம் ஒரு நூல் தள்ளினாலும் தலைவலி வரும் என்று முப்பது வருடம் பார்த்துப் பார்த்துப் பொருத்திய கை, கோணலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

உள்ளதைச் சொல்லிவிடலாம்தான். உன் அண்ணனைப் பொய்யர் ஆக்க எனக்கு மனமில்லை. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. நீ வருவது மரத்துக்காக, மரம் உன் அண்ணனுக்காக. அது என் கைவேலை என்று தெரிந்துவிட்டால், இந்த மூன்று மாடி ஏறிவர உனக்கு என்ன இருக்கிறது? நீ எனக்கு யார் என்று நீ கேட்டுவிட்டாய். நான் உனக்கு யார் என்று எனக்குக் கேட்கத் தைரியம் இல்லை.

ஒரு வழி தோன்றுகிறது. மரம் செய்ய உன் அண்ணனிடம் கற்றுக்கொண்டேன் என்று சொல்லிவிடுகிறேன். அவர் கேட்டால் வயிறு குலுங்கச் சிரிப்பார்.

அண்ணி

டிசம்பர் 15

அன்பான விசிலுக்கு,

22-ஆம் தேதி டிக்கெட்டை மாற்றிக்கொள். 24-ஆம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்கு எப்போதும்போல நாலு பேரும் வந்து படியில் நில்லுங்கள். மரம் இருக்கும், நானே செய்கிறேன். உன் அண்ணன் செய்வதை இத்தனை வருடம் பார்த்ததில் கொஞ்சம் கற்றுக்கொண்டிருக்கிறேன். குறை இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ கேட்டதற்கு வேறு எப்படிப் பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. வா.

அண்ணி

டிசம்பர் 27

அன்புள்ள அண்ணிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். சின்னவள் ரயிலில் தூங்கி, என் தோளை மரத்துப்போக வைத்தாள்.

அன்றைக்கு நேரில் சொல்ல முடியாததை எழுதுகிறேன். படியில் நிற்கும்போது, உள்ளேயிருந்து எண்ணும் சத்தம் வராது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் காதைத் தீட்டிக்கொண்டுதான் நின்றேன். நீங்கள் எண்ணவில்லை, சும்மா திறந்தீர்கள். அப்படியே இருந்தது அண்ணி. அந்த ரிப்பன், அந்தப் பஞ்சு, உருண்டைகள் எல்லாம். இவர் பின்னாலிருந்து, “மச்சான் உள்ளேதான் இருக்கார் போல” என்றார். அதனால்தான் நான் நேராகப் பாத்ரூமுக்குப் போய்விட்டேன். நீங்கள் தப்பாக நினைத்திருப்பீர்கள்.

இருபத்திரண்டு வருடம் சமையலறை வாசலில் நின்று பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தீர்களே, ஒன்றுகூட வீண்போகவில்லை. அண்ணன் கை அப்படியே உங்களுக்கு வந்துவிட்டது.

ஒன்றே ஒன்று, சொல்லாமல் இருக்க முடியவில்லை. விளையாட்டு வாத்தியார் கண், வரிசை கோணினால் உறுத்தும். இடதுபக்கம், ஜன்னல் ஓரமாக, சீரியல் லைட் தொய்ந்து தொங்கியது. மற்ற பக்கமெல்லாம் கிளையோடு ஒட்டி இழுத்தாற்போல இருந்தது, அங்கே மட்டும் தளர்ச்சி. அண்ணன் இருந்திருந்தால் அந்த இடம் அப்படி ஆகியிருக்காது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று. கிளம்பும்போது, அடுத்த வருடமும் வரலாமா என்று கேட்க வாய்வரை வந்தது. பிள்ளைகள் செருப்பு மாட்டுகிற சந்தடியில் கேட்காமல் இறங்கிவிட்டேன். இப்போது கேட்கிறேன்.

உங்கள்
விசில்

டிசம்பர் 31

அன்பான விசிலுக்கு,

நேற்றுக் காலை உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் எரிச்சல்தான் வந்தது. இரண்டு நாள் முழுக்க நின்று செய்த மரத்தில் உனக்கு ஒரு சாண் வயர்தான் கண்ணில் பட்டதா என்று கடிதத்தை மேஜையில் போட்டுவிட்டுக் கடைக்குப் போனேன். கடையிலும் அதே நினைப்பு. ஒரு கஸ்டமரின் வலது லென்ஸை இடதில் மாட்டிவிட்டேன், அவர் கதவில் இடித்துக்கொள்ளப் பார்த்தார்.

சாயங்காலம் வந்து, நீ நின்ற இடத்தில் நின்று பார்த்தேன். நீ சொன்னது சரி. அந்த இடம் உன் அண்ணன் இடம்.

சீரியல் லைட்டை ஒரு ஆளால் சுற்ற முடியாது விசில். ஒருவர் மரத்தைச் சுற்றி வர வேண்டும், ஒருவர் ஜன்னல் ஓரத்தில் நின்று முனையைப் பிடித்திருக்க வேண்டும். இந்த வருடம் முனையை நாற்காலியில் கட்டிவிட்டுச் சுற்றினேன். நாற்காலி பிடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் நான் இழுக்கும்போது அது விட்டுக்கொடுக்கவில்லை, நான் தளர்த்தும்போது இழுத்துக்கொள்ளவில்லை. உன் அண்ணன் பேப்பர் படித்துக்கொண்டே இரண்டு விரலில் அதைச் செய்வார். அதை நான் ஒரு வேலையாகவே நினைத்ததில்லை. அவரை, “சும்மா உட்கார்ந்திருக்கீங்க” என்று வருடா வருடம் சொல்லியிருக்கிறேன். அவரும் ஒருநாள்கூட எதிர்த்துப் பேசவில்லை. இந்த ஆறு மாதத்தில் நான் அழாத அழுகையை நேற்று அந்த வயரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

வரலாமா என்று கேட்டிருக்கிறாய். இனி அப்படிக் கேட்காதே, எனக்குத் தாங்காது. படியில் நிற்க மற்ற மூன்று பேரும் இருக்கிறார்கள், அவர்கள் 24-ஆம் தேதி வரட்டும். நீ 23-ஆம் தேதி காலையிலேயே வந்துவிடு. ஜன்னல் ஓரத்தில் நின்று முனையைப் பிடித்துக்கொள், நான் சுற்றுகிறேன்.

அப்போது உனக்கு ஒன்று தெரியவரும். தெரிந்த பிறகும் முனையை விட்டுவிடாதே.

உன்
அண்ணி