மூடியைத் திறந்தவள் நான்

12.5.1992, செவ்வாய்

பக்கத்து வீட்டு மலர் பிரசவ நோவோடு பின்சீட்டில் என் மடியில் கிடக்க, பெற்றோல் தடையால் மண்ணெண்ணெயில் ஓடும் எங்கள் கார் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இன்று இரண்டு தரம் நின்றது. முதலில் உரும்பிராய்ச் சந்தியில், பிறகு திருநெல்வேலிச் சந்தைக்கு முன்னால். இவர் காபரேற்றரைக் கழற்றி ஊதினார்.

"மண்ணெண்ணெயிலை ஓடினா உப்பிடித்தான் நிக்கும், தம்பி," என்றார் சந்தைக்கு வந்த ஒரு பெரியவர்.

மண்ணெண்ணெயில் ஸ்ராட் ஆகாது; அதற்கென்று போத்தலில் வைத்திருந்த பெற்றோல் இன்னும் ஒரு தரத்துக்குத்தான் இருந்தது. எனக்கு அடுப்படி ஞாபகம் வந்தது. ஒரே துளை போட்ட எண்ணெய்த் தகரம் ஒழுங்காக ஊற்றாது. காற்றுப் போக இன்னொரு துளை வேண்டும். இறங்கிப் போய் காரின் எண்ணெய்த் தாங்கியின் மூடியைத் திருகினேன். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. மூடிக்கு அடியில் இறுக்கிக் கட்டியிருந்த பொலித்தீனைப் பிய்த்தெறிந்தேன்.

"இப்ப ஸ்ராட் பண்ணுங்கோ."

ஆஸ்பத்திரி வாசல்வரை நிற்காமல் ஓடியது.

மலருக்குப் பெண் பிள்ளை. பின்னேரம் முழுவதும் இவர் ஒழுங்கையில் கண்டவர்களிடமெல்லாம், "இவதான் பிழையைக் கண்டுபிடிச்சவ. நான் சும்மா காபரேற்றரோடை நிண்டனான்," என்று சொல்லித் திரிந்தார். கேட்கக் கேட்க உச்சி குளிர்ந்தது.

மண்ணெண்ணெய் ஆவியாகிப் போகாமல் இருக்கட்டும் என்று நேற்று அந்தப் பொலித்தீனைக் கட்டியது யார் என்று இவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.